வெட்டப்பட்ட திங்கட்கிழமை

ஜனவரி 4, சனி

காலையில் வான்கூவரை விட்டுப் புறப்பட்டோம். கப்பல் நிறையக் கோதுமை, போய்ச் சேர வேண்டிய இடம் ஜப்பான். ஆட்கள் இருபத்தொரு பேர், அத்தனை பேரும் ஆண்கள். அவர்களோடு கேப்டன் லியோன் மச்சாதுவின் மனைவி ஜெசிந்தா என்கிற நான்.

அதிகாரிகள் மனைவியைக் கூட்டிப் போகலாம் என்று கம்பெனியில் விதி இருப்பது கல்யாணமான வருடத்திலிருந்தே தெரியும். முதலில் மகள் கைக்குழந்தை, அப்புறம் அவள் பள்ளிக்கூடம், அப்புறம் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் என்று தள்ளிக்கொண்டே போனது. பரீட்சை நேரத்தில் விடுப்புக் கேட்டதற்குத் தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். 12ஆம் தேதி எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். இதுவரை வந்ததில் இவர் வீட்டில் இருந்தது மூன்றோ நாலோ. இந்த முறை நானே கூட வந்துவிட்டேன்.

இந்த டைரி தூத்துக்குடியில் மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. நாளுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நல்லெண்ணெய் விளம்பரம்.

ஜனவரி 5, ஞாயிறு

ஞாயிறு என்றால் கப்பலில் பிரியாணி. மழையோ புயலோ, நம் ஆட்கள் ஓட்டுகிற கப்பலில் அது மாறாதாம். சமையல்காரர் காதர் பாய் கீழக்கரைக்காரர். நேற்று இரவே இறைச்சியை ஊறப் போட்டுவிட்டார். “வாரம் ஆறு நாளும் ஆளுங்க வேலை பாக்குறது எதுக்குன்னு நெனச்சீங்கம்மா? இதுக்குத்தான்” என்றார்.

மேல்தட்டு வேலைக்காரர்களுக்குத் தலைவர் போசன். பெயர் தொம்மை, மணப்பாட்டுக்காரர். என்னை யக்கா என்கிறார். என்னைவிட வயதில் மூத்தவராகத்தான் இருப்பார்.

ஜனவரி 7, செவ்வாய்

வாந்தி. வேறு செய்தி இல்லை.

ஜனவரி 8, புதன்

இன்று இட்லி இறங்கியது. காதர் பாய் வாழ்க.

இவர் தூங்குவதே இல்லை. விடுப்பில் வீட்டுக்கு வந்தால் பகலெல்லாம் தூங்குகிற மனிதர். வேலை அதிகம் போல என்று நினைத்து விட்டுவிடுவேன். இங்கே வந்து பார்த்தால் படுக்கிறார், எழுகிறார், விளக்கைப் போட்டு வானிலை வரைபடத்தை எடுக்கிறார், மறுபடி படுக்கிறார். வேறொரு பெண் என்றால்கூட முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். வரைபடத்தை என்ன செய்வது?

மத்தியானச் சாப்பாட்டில் அதே பேச்சு. ‘சீஃப் மேட்’ திவாகர் இவருக்கு அடுத்த அதிகாரி. சென்னைக்காரர், கேப்டன் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறார், அடுத்த கப்பலில் கிடைத்துவிடும் என்கிறார்கள். கைகழுவும் நேரத்தில் இவர், “இந்தக் குளிர்காலப் புயல் முன்ன மாதிரி இல்ல” என்று ஆரம்பித்தார்.

திவாகர் மெதுவாக மறுத்தார். “இப்ப சாட்டிலைட் எல்லாத்தையும் புடிச்சிடுது சார். முன்ன யாரும் பார்க்கலை, அதனால இல்லைன்னு நெனச்சோம். கூடியிருக்கா இல்லையான்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே இன்னும் சண்டைதான்.”

“நான் எண்ணிக்கையச் சொல்லலப்பா. வேகத்தச் சொல்லுதேன். முன்ன ஒரு புயல் பெருசாக ரெண்டு மூணு நா எடுத்துக்கிடும். பாத்து, யோசிச்சு, சாப்பிட்டுட்டுக் கப்பலத் திருப்பலாம். இப்ப நான் பாத்ததெல்லாம், காலைல வரைபடத்துல சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வளையம் கெடக்கும். மறுநா அதுதான் கடலே.”

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. “நீங்க ஒரு ஆளு பாத்தத வச்சுக் கடலே மாறிட்டுன்னு சொல்லக் கூடாது. சராசரி பாக்கணும்.”

“சராசரிப் புயல்ல நான் மாட்டப் போறதில்லட்டி. ஏதாவது ஒரு புயல்லதான் மாட்டுவேன்.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இவர் சிரிக்கவில்லை. இப்போதே தெற்கே இறங்கிப் போய்விடலாமா என்று இவருக்கு ஒரு நினைப்பு. அப்படிப் போனால் தூரம் அதிகம், எண்ணெய் அதிகம். வானிலை ஆலோசனை சொல்கிறவர்கள் வடக்கு வழியே போதும் என்கிறார்கள். வடக்கேதான் போகிறோம்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று ஒரு சண்டை. ஜெயித்தது நான்.

நடுக்கடலில் தேதிக்கோடு என்று ஒன்று இருக்கிறது. ஆள் இல்லாத ஒரு வருடம் எட்டாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை நானே எடுத்திருக்கிறேன். மேற்கே போகிறவர்கள் அதைத் தாண்டினால் காலண்டரில் ஒரு நாளை விட்டுவிட வேண்டும். அந்த நாள் நமக்கு வரவே வராது. நாளை சாயங்காலம் தாண்டுகிறோம். ஞாயிறு கிடையாது, சனிக்கு அடுத்து திங்கள் என்று இவர் அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம என்ன தேதி?” என்றேன்.

“பன்னெண்டு.”

“பன்னெண்டு என்ன நாளு?”

பேனா நின்றது.

“ஒவ்வொரு வருசமும் போன்ல வாழ்த்துச் சொன்னிய, சரின்னு விட்டேன். இந்த வருசம் நானே கடல் தாண்டி வந்திருக்கேன். அந்த நாளையே தூக்கிக் கடல்ல போடுதியளா?”

“கோட்டத் தாண்டுன உடனே மாத்துததுதான் வழக்கம்ட்டி.”

“வழக்கமா, விதியா?”

“வழக்கம்தான். கேப்டன் நெனச்சா ஒரு நா முன்னப் பின்ன வெட்டலாம்.”

“அப்ப நெனைங்க.”

டீ கொண்டுவந்த காதர் பாய் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமைய வெட்டுனா பிரியாணி போயிரும் கேப்டன். ஆளுங்க என்னையத்தான் வெட்டுவாங்க.”

இவர் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். ஞாயிறு உண்டு, திங்கட்கிழமை கிடையாது. உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டியதும் கைதட்டல். திங்கட்கிழமைக்காக ஒரு ஜீவனும் அழவில்லை.

ஜனவரி 11, சனி

கோட்டைத் தாண்டினோம். ஒன்றும் தெரியவில்லை, அதே சாம்பல் தண்ணீர். இவர் இரவும் தூங்கவில்லை, பகலும் தூங்கவில்லை. கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

கடல் இன்று எங்களுக்காகவே அடங்கிக் கிடந்தது. ஆனாலும் தட்டு நழுவாமலிருக்க மேசைவிரிப்பை நனைத்துத்தான் போட்டார்கள். பிரியாணி, கத்தரிக்காய்க் கூட்டு, நான் டப்பாவில் காபந்து பண்ணிக் கொண்டுவந்த தூத்துக்குடி மக்ரூன். கல்யாணப் பட்டுதான் கட்டினேன், உள்ளே ஸ்வெட்டரோடு. தொம்மை மெல்லிய கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு ஜெபமாலையைக் கொடுத்தார். கடைசியில் சிலுவையும் கயிற்றிலேயே. “கப்பல் கயிறு யக்கா, லேசுல அறுந்து போவாது” என்றார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் இவர் கட்டிலில் சாய்ந்தார், குறட்டை விட்டார்! வந்த நாளிலிருந்து முதல் முறையாக. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்குத் திவாகர் கதவைத் தட்டினார், கையில் ஏதோ தாள். வாழ்த்துச் சொன்னார். மக்ரூன் கொடுத்து அனுப்பினேன்.

இருட்டும் நேரத்தில் எழுந்தார். முகமே வேறாக இருந்தது, இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய முகம். மேலே போய் வந்து, “செவ்வாய் மத்தியானம் ஒண்ணு வருது. நாளைக்குப் பகல்ல தெக்க திருப்பிருவேன், ஓரமா ஒதுங்கிரலாம்” என்றார். கப்பலின் மூக்குப் பக்கத்து அறைக் கதவையும் காற்றுக்குழாய் மூடிகளையும் திங்கட்கிழமை காலை இறுக்கிவிடுவதாகத் திவாகர் சொன்னாராம். சரி என்றேன்.

நல்ல நாள். கேட்டு வாங்கிய நாள்.

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் டைரியைத் திறந்து, திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியையும் கழற்றிவிட்டேன். அப்போதுதான் சுவர்க் காலண்டர் கண்ணில் பட்டது. செவ்வாய்.

செவ்வாய் மத்தியானம்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 15, புதன்

அடங்கிவிட்டது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

சுவரில் நாமே ஒட்டிய காகிதம். போகவர எல்லோரும் படித்துச் சிரித்த காகிதம். ஆனாலும் ஞாயிறன்று ‘செவ்வாய்’ என்று காதில் விழுந்ததும் அத்தனை பேர் மனமும் நடுவில் ஒரு திங்களை வைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே எண்ணியிருக்கிறோம். கேப்டன் எண்ணினார், மேட் எண்ணினார், பிளஸ் டூ கணக்கு டீச்சரும் எண்ணினாள். நாளைக்குப் பகல் என்று இவர் சொன்ன அந்தப் பகலே செவ்வாய்தான்.

“முன்னக்காலமா இருந்தா இந்தத் தப்பு தாங்கியிருக்கும். புயலு நமக்கு ஒதுங்க நேரம் குடுத்திருக்கும்” என்று இவர் பிற்பாடு சொன்னார். இது நேரம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தில் அது ஒரு சின்ன வளையம். செவ்வாய் காலை பாரோமீட்டர் கிணற்றில் கல்லைப் போட்டமாதிரி இறங்கியதாம். நான் அறையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மெத்தையின் வெளிப்பக்கத்து அடியில் உயிர்காப்பு அங்கியைச் செருகிச் சுவரோடு பள்ளம்போல ஆக்கிப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். படுக்க யாரால் முடியும்? ஜன்னலில் ஒரு நேரம் வானம் மட்டும், ஒரு நேரம் தண்ணீர் மட்டும். தொம்மையின் ஜெபமாலையில் எந்த முடிச்சில் இருக்கிறேன் என்றே தெரியாமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை இறுக்க வேண்டிய மூடிகளில் ஒன்று பிய்ந்துவிட்டது. மூக்குப் பக்கத்து அறையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அப்படியே விட்டால் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும், அப்புறம் எழும்பாது. இவர் கப்பலை மெதுவாக்கி, அலை நேரே அடிக்காதபடி திருப்பிப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் அனுப்பினார். தொம்மை தானாகவே போனாராம், கூட ஒருவர். மூடியைப் போட்டு இறுக்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஓர் அலை தொம்மையைத் தூக்கி நங்கூர எந்திரத்தின் மேல் அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

அவர் காலைக் கழுவிக் கட்டும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். இவர் ஊசி போட்டார்.

வெளியே வந்ததும் இவர் திவாகரிடம் கேட்டார். “அந்த எச்சரிக்க எப்ப வந்துது? வந்த நேரமே திருப்பியிருந்தா தப்பிச்சிருக்கலாம்.”

திவாகர் என் பக்கம் பார்க்கவே இல்லை. “சாயந்திரம் சார்” என்றார்.

ஜனவரி 16, வியாழன்

தொம்மைக்குக் கஞ்சி கொடுத்தேன். இவர் பார்க்க வந்தார், வாசலிலேயே நின்றார். தொம்மை மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறந்து, “வெட்டுததுதான் வெட்டுனிய, திங்களுக்குப் பதிலாச் செவ்வாய வெட்டியிருக்கலாம்லா கேப்டன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். நான் கஞ்சியை ஊட்டி முடித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. துணி துவைக்கவில்லை. ஞாயிறு வேண்டும் என்று கேட்டது எல்லோரும்தான், கைதட்டியது எல்லோரும்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

பிரியாணி இல்லை. காதர் பாய் ஊறப் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சோறும் பருப்பும் ஊறுகாயும் சாப்பிட்டு எழுந்தோம்.

ஜனவரி 21, செவ்வாய்

ஜப்பான். கரையில் பனி. தொம்மையை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மக்ரூன் டப்பாவில் மிச்சமிருந்ததை அவர் கையில் வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர், அதனாலேயே பயமாக இருக்கிறது. தேதியைத் தப்பாக எண்ணியது தன் பிழை என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறை விட்டுத் திங்களை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, நாங்கள்தான் பிரியாணிக்காகக் கேட்டோம் என்று காதர் பாய் முதல் எந்திர அறை ஆள் வரை வரிசையாகச் சொன்னார்களாம். ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை.

ஆனால் எச்சரிக்கைத் தாளில், அது வந்த நேரம் அச்சாகியிருக்கிறது. ஞாயிறு மத்தியானம், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். புதிய புயல் எச்சரிக்கை வந்தால் எந்த நேரமானாலும் கேப்டனை எழுப்ப வேண்டும் என்பது இவரே கையெழுத்துப் போட்ட உத்தரவு. சாயந்திரம் வந்ததாக ஏன் சொன்னீர்கள், ஏன் எழுப்பவில்லை என்று விசாரிக்க வந்தவர் திவாகரைக் கேட்டிருக்கிறார். “செவ்வாய்க்கு நேரம் இருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன்” என்றிருக்கிறார் திவாகர். அவருடைய கேப்டன் பதவி உயர்வு நின்றுவிட்டது. நிற்பது மட்டுமில்லை, இனி வராது என்கிறார்கள்.

மத்தியானம் படிக்கட்டில் திவாகர் எதிரே வந்தார். “சாப்பிட்டீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 13, திங்கள்

இந்தத் தேதி எங்களுக்கு வரவே இல்லை. இந்தப் பக்கத்தில் எழுதினால் எந்த நாளின் கணக்கிலும் சேராது, அதனால் இங்கே எழுதுகிறேன். எழுதுவது 22ஆம் தேதி சாயங்காலம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திவாகர் கதவைத் தட்டியபோது வாழ்த்து மட்டும் சொல்லவில்லை. “சார எழுப்பணும் மேடம். புதுசா ஒரு வார்னிங் வந்திருக்கு” என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். “இத்தன நாளைக்கு அப்புறம் இப்பதான் தூங்குதாவ. எப்ப வருதாம் அந்தப் புயலு?” “செவ்வாய் மத்தியானம்.” “செவ்வாயா? இன்னும் நாள் கெடக்கு. நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க” என்று கையில் மக்ரூனைத் திணித்தேன். அவர் தயங்கினார், தயங்கித்தான் போனார். கேப்டன் பெண்டாட்டியிடம் எவ்வளவு தூரம் வாதாட முடியும்?

தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். ஞாயிறைக் கேட்டது மற்றவர்கள் இல்லை, நான். அந்த ஞாயிறை யாரும் தொடக் கூடாது என்று கதவை மறித்ததும் நான்.

இவருக்குத் தெரியாது.

ஜனவரி 23, வியாழன்

வராத தேதியில் எழுதுவது சுலபம். விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. புடவையை இரண்டு தடவை மாற்றிக் கட்டினேன், அலமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். பத்து மணிக்கு இவரும் திவாகரும் விசாரிக்க வந்தவரும் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய்விட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். எழுப்ப வேண்டும் என்று திவாகர் கேட்டது, நான் மறித்தது, நாள் கிடக்கிறது என்றது, மக்ரூன் எல்லாம். திவாகர், “மேடம், வேண்டாம்” என்றார். நான் நிறுத்தவில்லை.

விசாரிக்க வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “யோசிச்சுக்கோங்கம்மா. இது பதிவாச்சுன்னா திவாகருக்குக் கொஞ்சம் நல்லது. கேப்டனுக்குக் கெட்டது. மனைவி பேச்சக் கேட்டுக் கப்பல் ஓடுச்சுன்னு ஆகும்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சொன்னத அப்படியே எழுதிக்கோங்க” என்றார்.

எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். தேதியும் போடச் சொன்னார்கள். 23 என்று போட்டேன்.

அறைக்கு வந்ததும் இவர் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன், கத்த வேண்டும் என்றே இருந்தது.

“ஏன் எழுப்பல?”

“நீங்க தூங்குனிய.”

கட்டிலில் உட்கார்ந்தார், அன்றைக்குச் சாய்ந்த அதே இடத்தில். “கொறட்ட விட்டனா?”

“விட்டிய.”

தலையை ஆட்டிக்கொண்டார். வரைபடங்கள் மேசையில் சுருட்டியபடியே கிடந்தன, எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தொம்மையிடமும் என் வாயால் சொல்ல வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். சிரித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.